காலும் புள்ளியும்

ஆதாரம் உண்டா என்று
ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே கேட்கிறது மரம்.
இல்லையென்றால் வெறுமனே விட்டுவிடலாம், கோபித்துக்கொள்ளாது.
அதனால்தான் அதில் இத்தனை தப்பு.
யாரோ ஒரு மாமன் மகன்
பிள்ளை பிறந்து நாலு வருஷம் கழித்து
தாயைப் பிறக்க வைத்திருக்கிறான்.
ஏழு பேர் அதை நகலெடுத்திருக்கிறார்கள்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
போன ஆடியில் திரையோரம் மினுக்கியது:
'பொருந்துகிறது. இணைக்கவா?'
பச்சையன். தகப்பன் பெயர் குப்பன். வட ஆற்காடு ஜில்லா.
தாத்தாவுக்குப் பெரியப்பன்,
எங்கள் வீட்டில் 'கப்பலேறிட்டான்' என்ற
ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோனவன்,
அதோ டர்பனில் கரும்பு வெட்டி
பதினோரு பேத்திகளோடு உட்கார்ந்திருந்தான்.
இணைத்தேன்.
சத்துவாச்சாரியில், ராத்திரி ஒன்றரைக்கு,
கரண்ட் போவதற்குள்.

மறுநாளே குரல் வந்தது. கோகி பச்சன்,
முழுப்பெயர் கோகிலம், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழ்
அக்கா, வாங்கோ, அரோகரா.
மூன்றையும் மாற்றி மாற்றி
எட்டு மாதம் அனுப்பினாள்.
நான் பதிலுக்கு வெயிலைப் பற்றிச் சொல்வேன்.

கப்பல் பட்டியலின் படமும் அவள் அனுப்பியதுதான்.
வயது இருபத்திரண்டு. இடது முழங்காலில் தழும்பு.
ஊர், எழுதியவன் காதில் விழுந்தபடி
இங்கிலீஷில், மை ஊறி.
மேல்பட்டி என்று படித்தேன்,
என் ஊர் மேல்பட்டி என்பதால்.
பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி இருக்கிறது.
தெரியும். தெரிந்துதான் அப்படிப் படித்தேன்.
நம் எழுத்தில்
ஒரு கால், ஒரு புள்ளி வித்தியாசம்.
அவன் எழுத்தில் காலும் இல்லை, புள்ளியும் இல்லை.

மாசியில் குடியாத்தம் சார்பதிவாளர் ஆபீஸ்.
நகல் மனு, நாலு நடை,
'அம்மா, இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?'
அப்புறம் ஒரு கிரயப் பத்திரம், ஓரம் பொடிந்தது:

மேல்பட்டி குப்பன் குமாரன் பச்சையன்,
தற்சமயம் வேலூர் சலவன்பேட்டையில் வாசம், வண்டிக்கூலி ஜீவனம்,
தன் பாகத்துப் புஞ்சை எழுபது சென்ட்டை
அசலூர்க்காரன் ஒருவனுக்கு
சுத்தக் கிரயம் செய்து கொடுத்தது.
வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.
கீழே இடது பெருவிரல், தெளிவாக.

கப்பல் கிளம்பியது தொள்ளாயிரத்து இரண்டில்.
நேட்டாலில் கத்தி பிடித்திருக்கிற கை
குடியாத்தத்தில் ரேகை வைக்காது.

ஆக, சங்கதி இவ்வளவுதான்.
பாகத்தை வெளியாளுக்கு விற்றவனை
கூடப்பிறந்தவர்கள் வாயாலேயே
கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.
எங்கள் குடும்பத்துக்குக் கடலே கிடையாது.
நான் தினம் பெட்ரோல் போடுகிற இடத்திலிருந்து
இரண்டு தெரு தள்ளி அவன் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.

உறவை நீக்கவா என்று கேட்டது மரம்.
சேர்க்கும்போது ஒருதரம் கேட்டதுதான்,
இப்போது இரண்டுதரம் கேட்டது.
நீக்கியதும் பதினோரு பேத்திகளும்
ஒரே இழுப்பில் திரைக்கு வெளியே போனார்கள்.
பச்சையன் பெட்டியில் தட்டினேன்:
'1907, சலவன்பேட்டை, பத்திரப்படி.
அதற்குப் பின் தெரியவில்லை.'

கோகிக்குச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.
பத்திரத்தின் படத்தையும் வைத்தேன்.
வேன் ஓடுகிற சத்தம், பிள்ளைகள் இரைச்சல்,
நடுவில் அவள் குரல், இங்கிலீஷில்:
'அப்படியானால் என்னுடைய ஆள் யார்?'
அக்கா இல்லை. அரோகரா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னை பஸ் பிடித்து
திருவலம் தாண்டி மேல்பாடியில் இறங்கினேன்.
சோழர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்
குப்பன் என்று பழைய பேர் உள்ள வீடு
மூன்று என்றார்கள், நாலு என்றார் ஒருவர்.
முதல் வீட்டு அம்மாள், கையில் முறம்,
தழும்பு, கப்பல், வருஷம் எல்லாம் கேட்டுக்கொண்டு
கடைசியில் கேட்டாள்:
'அந்தாளு உனக்கு இன்னா மொறை?'

ஒரு மொறையும் இல்லைம்மா.
அதை நிச்சயம் பண்ணிக்கிட்டுத்தான் வரேன்.